இயல்புகள் வேறு, ஜமாஅத் ஒன்று

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன். புகழ் அனைத்தும் அவனுக்கே உரித்தாகுக! அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள், அவர்தம் வழி நடப்போர் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

  

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டுவிட்டன. மனிதர்களின் இயல்புகள் ஏன் வேறுபடுகின்றன, அவ்வேறுபாட்டை ஒரு ஜமாஅத் எவ்வாறு ஏற்று நடக்க வேண்டும் என்னும் பொருளில் சில கருத்துகளை எடுத்துரைக்குமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்துள்ளனர். கேட்பதற்கு இது கல்லூரிப் பாடம் போலத் தோன்றலாம். ஆனால், நம் ஜமாஅத்திற்கு வரும் வழக்குகளிலும், நம் வீடுகளில் எழும் பூசல்களிலும் பெரும்பகுதி இந்த ஒன்றை அறியாமையால் விளைவது என்பதைச் சற்றே சிந்தித்தால் உணரலாம்.

ஜும்ஆ தொழுகை முடிந்தபின் நம் பள்ளிவாசலின் முகப்பைப் பாருங்கள். சிலர் தாழ்வாரத்தில் நின்று, வருவோர் போவோர் அனைவரிடமும் ஸலாம் கூறி, நலம் விசாரித்து, அரைமணி நேரம் கழித்தே வீடு திரும்புவர். அவர்களுக்கு அது களைப்பைப் போக்கும் மருந்து. வேறு சிலர் துஆ முடிந்ததும் செருப்பை அணிந்துகொண்டு அமைதியாகப் புறப்பட்டுவிடுவர். முன்னவரை 'வெட்டிப் பேச்சுக்காரர்' என்கிறோம். பின்னவரை 'தலைக்கனம் பிடித்தவர்' என்கிறோம். இரண்டுமே தவறான தீர்ப்பு. ஒருவருக்கு மக்களோடு கலந்திருப்பது ஊக்கம் தருகிறது. மற்றவருக்குத் தனிமையே ஊக்கம் தருகிறது. இதில் நன்மையும் இல்லை, பாவமும் இல்லை. படைத்தவன் வைத்த அமைப்பு அது.

மண்ணும் மனிதரும்

முதல் மனிதராகிய ஆதம் (அலை) அவர்கள் பூமியின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் எடுக்கப்பட்ட ஒரு பிடி மண்ணால் படைக்கப்பட்டார்கள் என்றும், அதனாலேயே அவருடைய மக்களின் நிறங்களும் குணங்களும் வேறுவேறாக அமைந்தன என்றும், மென்மையானவரும் கடினமானவரும் அவர்களுள் உள்ளனர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம்.

இந்த உவமையை உணர நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கடலூர் மாவட்டமே போதும். தேவனாம்பட்டினத்தில் கடற்கரை மணல். மேற்கே பண்ருட்டிப் பக்கம் செம்மண். அங்கு முந்திரியும் பலாவும் செழிக்கின்றன. தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் நீரைப் பிடித்து வைக்கும் களிமண்; அங்கு நெல் விளைகிறது. வீராணம் ஏரிக்கரையில் லால்பேட்டையின் வெற்றிலைக் கொடிக்கால்கள். பிச்சாவரத்தின் உப்புச் சேற்றிலோ சுரபுன்னைக் காடு. கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். அதற்குள் இத்தனை மண்! செம்மண்ணில் நெல் விளையவில்லை என்று எந்த விவசாயியும் அந்த மண்ணைச் சபிப்பதில்லை. அதற்கேற்ற பயிரை வைக்கிறான். ஆனால், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருவன் கலகலப்பாகவும் மற்றவன் அமைதியாகவும் இருந்தால், அமைதியானவனைப் பார்த்து 'அண்ணனைப் போல் இவனுக்குச் சாமர்த்தியம் இல்லையே' என்று வருந்துகிறோம். மண்ணுக்குக் காட்டும் நியாயத்தை மகனுக்குக் காட்ட மறுக்கிறோம்.

ஒவ்வொருவரும் தத்தம் 'ஷாகிலா'வின் வழியே செயலாற்றுகின்றனர் என்னும் கருத்து திருக்குர்ஆனின் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் 84ஆம் வசனத்தில் இடம்பெறுகிறது. இயல்பு என்றும், வழிமுறை என்றும், எண்ணம் என்றும் இச்சொல்லுக்கு விரிவுரையாளர்கள் பொருள் தந்துள்ளனர். எனவே, மனிதரின் இயல்பு வேறுபடும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

அறிஞர்கள் கண்ட வகைகள்

மனிதரை இயல்பு கொண்டு வகைப்படுத்தும் முயற்சியும் பழமையானது. கிரேக்க மருத்துவர்களாகிய ஹிப்போகிரட்டஸ், காலன் ஆகியோரின் வழியில், இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கின் கலவையால் ஒருவருடைய 'மிஜாஜ்' அமைகிறது என்று யூனானி மருத்துவம் கூறுகிறது. இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில் இதை விரிவாக எழுதினார். நம் முன்னோர் நாடிய ஹகீம்கள் நோயைக் கேட்பதற்கு முன் நோயாளியின் மிஜாஜைக் கேட்டறிந்தது இதனால்தான். சித்த வைத்தியரும் வாதம், பித்தம், கபம் என்று உடல்வாகு பார்ப்பதை அறிவோம்.

இக்காலத்தில் 1921ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டு மனநல அறிஞர் கார்ல் யுங், உளவியல் வகைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். புறவுலகை நோக்கி மனம் பாய்பவரைப் புறமுகர் என்றும், தம் உள்ளத்தை நோக்கித் திரும்புபவரை அகமுகர் என்றும் அவர் பிரித்தார். இதை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவைச் சேர்ந்த காதரின் பிரிக்ஸ் என்னும் பெண்மணியும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு வினாத்தாளை உருவாக்கினர். நான்கு இணைகள், அவற்றின் சேர்க்கையால் பதினாறு வகைகள் என்பது அவர்களுடைய கணக்கு. உலகெங்கும் பல நிறுவனங்கள் இன்றும் இதனைப் பயன்படுத்தி வருகின்றன. நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் இடங்களில் இதனை எதிர்கொள்ளக்கூடும்.

அந்நான்கு இணைகளையும் நம் பள்ளிவாசல் நடைமுறை கொண்டே விளக்கிவிடலாம்.

முதலாவது, ஊக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்பது. கூட்டத்தில் பேசப் பேசத் தெளிவடைபவர் ஒருவர். வீட்டுக்குச் சென்று தனியே யோசித்தபின் மறுநாள் தெளிவான கருத்தைக் கூறுபவர் மற்றவர்.

இரண்டாவது, கவனம் எதில் செல்கிறது என்பது. மதரஸாவுக்குப் புதிய கட்டடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், ஒருவர் செங்கல் எவ்வளவு, சிமெண்ட் எத்தனை மூட்டை, கையிருப்பு என்ன என்று கேட்பார். மற்றவர் இருபது ஆண்டுகளுக்குப் பின் அங்கே எத்தனை பிள்ளைகள் ஓதுவர் என்று கனவு காண்பார். முன்னவர் இல்லையேல் கட்டடம் பாதியில் நிற்கும். பின்னவர் இல்லையேல் கட்டடம் தொடங்கவே தொடங்காது.

மூன்றாவது, முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பது. பைத்துல்மாலுக்கு ஒரு விண்ணப்பம் வருகிறது. விதிப்படி இவருக்குச் சேருமா, மற்றவர்க்கும் இதே அளவுகோல்தானா என்று ஒருவர் பார்ப்பார். இந்தக் குடும்பத்தின் இன்றைய நிலை என்ன, மறுத்தால் அந்தத் தாயின் மனம் என்னவாகும் என்று மற்றவர் பார்ப்பார். முன்னவரைக் கல்நெஞ்சர் என்றும் பின்னவரை ஏமாளி என்றும் கூறுவது எளிது. உண்மையில் ஒருவர் நீதியைக் காக்கிறார்; மற்றவர் கருணையைக் காக்கிறார். ஜமாஅத்திற்கு இரண்டும் வேண்டும்.

நான்காவது, செயலை நடத்தும் முறை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி, விறகு, ஆள் என்று ஷஃபான் மாதத்திலேயே பட்டியல் போடுபவர் ஒரு வகை. பட்டியல் எதுவும் இல்லாமல், சமையல்காரர் வராத நாளில் அஸருக்குப் பின் ஓடியாடி எல்லாவற்றையும் சமாளித்து மக்ரிபுக்குள் கஞ்சியை இறக்கிவிடுபவர் மற்றொரு வகை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆய்வாளர்கள் இப்பதினாறு வகைக் கணக்கை முழுமையாக ஏற்பதில்லை. ஒரே நபர் சில வாரங்கள் கழித்து மீண்டும் அவ்வினாத்தாளை நிரப்பும்போது, கணிசமானோர் வேறு வகையில் சேர்ந்துவிடுகின்றனர். மக்களுள் பெரும்பாலோர் இரு கோடிகளிலும் இல்லை, நடுப்பகுதியிலேயே உள்ளனர். ஆகவே, இன்றைய உளவியலார் வகை என்று பெட்டிகளில் அடைக்காமல், புதுமை நாட்டம், ஒழுங்குணர்வு, புறமுக நாட்டம், இணக்கம், மனக்கலக்கம் ஆகிய ஐந்து பண்புகளை அளவுகளாகக் கொள்கின்றனர். இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகள், இவ்வேறுபாடுகளில் ஏறக்குறைய பாதி பிறப்பு வழி வருவதைக் காட்டுகின்றன. மீதி வளர்ப்பு, வாழ்க்கை அனுபவம் ஆகியவற்றால் அமைகிறது. 1929இல் தோன்றிய நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் பயில வாய்ப்புள்ளது. ஆர்வமுள்ள இளைஞர்களும் இளம்பெண்களும் அதனைப் பயன்படுத்திக் கொள்ள வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை அறிந்த விதம்

உளவியல் நூல்கள் தோன்றுவதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒவ்வொருவரின் இயல்பறிந்து பழகிய பெருந்தகை நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனாவுக்கு வந்தபோது, அண்ணலாரைக் காணும் ஆவலில் வாகனங்களிலிருந்து இறங்கி விரைந்தோடினர். அவர்களுள் அஷஜ் என்பவர் மட்டும் நிதானமாகத் தம் ஆடையை மாற்றிக்கொண்டு பின்னரே வந்தார். அவருடைய பொறுமையும் நிதானமும் அல்லாஹ்வுக்கு விருப்பமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். இவை நானே பழகிக்கொண்டவையா, படைப்பிலேயே அமைந்தவையா என்று அவர் வினவினார். அல்லாஹ்வே அவ்வாறு படைத்தான் என்ற விடை கிடைத்தது. விரைந்து வந்தவர்களை அண்ணலார் கடிந்துகொள்ளவில்லை. தாமதித்து வந்தவரை அன்பில்லாதவர் என்றும் கருதவில்லை.

உஸ்மான் (ரலி) அவர்கள் மிகுந்த நாணமுடையவர். அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) இருவரும் வந்தபோது படுத்திருந்த நிலையிலேயே அவர்களிடம் பேசிய நாயகம் (ஸல்) அவர்கள், உஸ்மான் (ரலி) வந்தபோது எழுந்து அமர்ந்து ஆடையைச் சரிசெய்துகொண்டார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் காரணம் கேட்டபோது, அந்த நாணமுள்ள மனிதர் தம்மை அந்நிலையில் கண்டால் தம் தேவையைச் சொல்லாமலேயே திரும்பிவிடக்கூடும் என்று தாம் அஞ்சியதாக விளக்கினார்கள். முஸ்லிம் நூலில் உள்ள இச்செய்தியை ஜமாஅத் நிர்வாகிகள் அனைவரும் நினைவில் வைக்க வேண்டும். தேவையுடையவர் வாய்திறந்து கேட்பார் என்று காத்திருக்கலாகாது. அவர் கேட்பதற்கு ஏற்ற நிலையை நாம் உண்டாக்க வேண்டும்.

பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). ஆனால், குரல் வளம் மிக்கவர் பிலால் (ரலி) என்பதால், அவருக்குக் கற்றுக்கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கண்டவருக்கு ஒரு சிறப்பு; முழங்கியவருக்கு ஒரு சிறப்பு. அபூதர் (ரலி) அவர்கள் இறையச்சத்தில் உயர்ந்தவர். எனினும் அவர் பதவி கேட்டபோது, அது ஓர் அமானிதம் என்றும் அவர் அதற்கு வலுவற்றவர் என்றும் அன்போடு எடுத்துரைத்தார்கள். நல்லவர் எல்லாருமே எல்லாப் பொறுப்புக்கும் ஏற்றவர் அல்லர். ஒரு பொறுப்புக்கு ஏற்றவர் அல்லர் என்பதால் அவருடைய நன்மை குறைவதுமில்லை. மூஸா (அலை) அவர்களே தம் சகோதரர் ஹாரூன் (அலை) நாவன்மை மிக்கவர் என்று கூறி அவரைத் தமக்குத் துணையாக வேண்டிப் பெற்றார்கள் எனத் திருக்குர்ஆன் அறிவிக்கிறது. தமக்கில்லாத திறன் பிறரிடம் இருப்பதை ஒரு நபியே தயக்கமின்றி ஒப்பினார்கள் என்றால், நமக்கு அதில் என்ன வெட்கம்?

இரவுத் தொழுகையின் பாடம்

இவை அனைத்திற்கும் சிகரமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஓர் இரவு நாயகம் (ஸல்) அவர்கள் வெளியே வந்தபோது, அபூபக்கர் (ரலி) மெல்லிய குரலில் ஓதித் தொழுதுகொண்டிருந்தார்கள். உமர் (ரலி) உரத்த குரலில் ஓதித் தொழுதுகொண்டிருந்தார்கள். பின்னர் இருவரிடமும் காரணம் கேட்கப்பட்டது. தாம் யாரிடம் உரையாடுகிறோமோ அவனுக்குக் கேட்டுவிட்டது என்பது அபூபக்கர் (ரலி) அவர்களின் விடை. உறங்குவோரை எழுப்பவும் ஷைத்தானை விரட்டவுமே அவ்வாறு ஓதியதாக உமர் (ரலி) கூறினார்கள். இருவருக்கும் கிடைத்த அறிவுரை என்ன? முன்னவர் தம் குரலைச் சிறிது உயர்த்த வேண்டும்; பின்னவர் சிறிது தாழ்த்த வேண்டும்.

இங்கே 'சிறிது' என்பதே முக்கியம். அபூபக்கர் (ரலி) உமராக மாறும்படி சொல்லப்படவில்லை. உமர் (ரலி) அபூபக்கராக மாறும்படியும் சொல்லப்படவில்லை. இருவரின் விடைகளும் மறுக்கப்படவுமில்லை. அவரவர் இயல்பில் நின்றபடியே மற்றவரின் பக்கம் ஓரடி நகருமாறு மட்டுமே வேண்டப்பட்டனர். குடும்பத்திற்கும் ஜமாஅத்திற்கும் இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை.

இயல்பு ஒருவரைப் பூட்டி வைக்கும் சிறையன்று என்பதற்கும் அவ்விருவரின் வாழ்வே சான்று. கி.பி. 632இல் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபின், சில கூட்டத்தார் ஜகாத் தர மறுத்தனர். அப்போது கடுமைக்குப் பெயர்பெற்ற உமர் (ரலி) தயங்கினார்கள். மென்மைக்குப் பெயர்பெற்ற அபூபக்கர் (ரலி) மலைபோல் உறுதியாக நின்றார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்களும் அம்முடிவே சரியானது என ஏற்றார்கள். கடமை அழைக்கும்போது மென்மையானவர் உறுதி கொள்ளவும், கடுமையானவர் கனியவும் இயலும்.

எனவே சகோதரர்களே, 'என் சுபாவம் அப்படித்தான், என்ன செய்வது' என்று கூறி மனைவியிடம் சீறுவதற்கோ, பெற்றோரைப் புறக்கணிப்பதற்கோ இப்பேச்சு எவருக்கும் அனுமதிச் சீட்டாகிவிடக்கூடாது. சுபாவம் வேறு, அக்லாக் என்னும் நற்குணம் வேறு. விரைந்து கோபம் எழுவது சுபாவமாக இருக்கலாம். அதை அடக்குவது அக்லாக். பிறரை மல்யுத்தத்தில் வீழ்த்துபவனைவிடக் கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்னும் நபிமொழியின் கருத்தை நாம் அறிவோம். சுபாவம் அல்லாஹ் தந்த முதல்; அக்லாக் அதைக் கொண்டு நாம் ஈட்டும் இலாபம். மறுமையில் கேள்வி இலாபத்தைப் பற்றியதே. நாம் செய்யும் பிழை என்னவென்றால், ஒருவருடைய சுபாவத்தைப் பார்த்து அதையே அவருடைய அக்லாக் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பேசாதவர் கர்வி ஆகிறார். கேள்வி கேட்பவர் குழப்பவாதி ஆகிறார். நிதானி சோம்பேறி ஆகிறார். பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. பதினாறு வகைப் பெயர்களையும் நாம் புதிய பட்டப்பெயர்களாக ஆக்கிவிடலாகாது.

நம் முன் உள்ள பொறுப்பு

இனி, நம் ஜமாஅத் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலாவதும் முதன்மையானதும், வழக்கு விசாரணை. கணவன் மனைவி பிணக்கு, சொத்துப் பங்கீடு, கடன் ஆகியவற்றில் மக்கள் காவல் நிலையத்திற்கோ நீதிமன்றத்திற்கோ செல்லுமுன் நம்மிடம் வருகின்றனர். நான்கு பேர் அமர்ந்திருக்கும் சபையில் சரளமாகப் பேசத் தெரிந்தவர் தம் தரப்பை அழகாக எடுத்து வைக்கிறார். சபையில் நாவெழாதவர், குறிப்பாக இளம்பெண்கள், தலைகுனிந்து நிற்கின்றனர். அந்த மௌனத்தைச் சம்மதம் என்றோ குற்ற ஒப்புதல் என்றோ நாம் எழுதிக்கொண்டால், அதன் பொறுப்பு யாருடையது?

வழக்காடுவோருள் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கலாம் என்றும், தாம் கேட்டதை வைத்தே தீர்ப்பளிப்பதாகவும், அவ்வாறு பிறர் உரிமையைப் பெற்றவர் நெருப்புத் துண்டையே பெறுகிறார் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. வஹீ வரப்பெற்றவர்களே இவ்வாறு அஞ்சினார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்?

பிணங்கிய தம்பதியருக்கிடையே கணவன் குடும்பத்திலிருந்து ஒருவரும், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரும் நடுவராக அமையவேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் காட்டும் வழி. இதில் ஒரு நுட்பம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒருவருடைய மௌனத்தின் பொருளை அவரைச் சிறுவயது முதல் அறிந்தவரே அறிவார். அவள் அழாமல் நிற்பது பிடிவாதமா, உடைந்துபோன நிலையா என்பது அவளைத் தூக்கி வளர்த்த மாமாவுக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது.

ஆகவே, இந்நான்கையும் நிர்வாகத்தின் பார்வைக்கு வைக்கிறேன். இரு தரப்பாரையும் சபையில் கேட்பதற்கு முன் தனித்தனியே கேட்க வேண்டும். பெண்களின் தரப்பை மூத்த பெண்மணி ஒருவர் வாயிலாகவும் அறிய வேண்டும். பேச இயலாதவர் எழுதித் தந்தால் அதையும் சபையில் வாசித்துக் கணக்கில் கொள்ள வேண்டும். விசாரணைக்கும் தீர்ப்புக்கும் இடையே குறைந்தது ஓர் இரவாவது இடைவெளி விட வேண்டும். சிந்தித்துப் பேசும் இயல்பினர் தாம் சொல்ல மறந்ததைச் சொல்வதற்கு அந்த ஓர் இரவு போதும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

இரண்டாவது, நம் மஷூரா. பொதுக்குழுவில் உரத்துப் பேசும் ஐந்தாறு பேரின் கருத்தே ஊரின் கருத்தாகப் பதிவாகிறது. கூட்டத்தின் பொருள் என்ன என்பதை ஒரு வாரம் முன்னதாகவே அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். எழுத்தில் கருத்துத் தர ஒரு பெட்டி வையுங்கள். இதுவரை வாய்திறவாதவர்களிடமிருந்து எத்தகைய ஆலோசனைகள் வருகின்றன என்பதைக் காண்பீர்கள்.

மூன்றாவது, பொறுப்புகளைப் பகிர்தல். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிறன்று ஆழிப்பேரலை தாக்கி, நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், சுற்றியுள்ள மீனவக் கிராமங்களிலிருந்து அனைத்தையும் இழந்து வந்த இந்துச் சகோதரர்களுக்கு உணவளித்து, தங்க இடமளித்து ஆற்றிய பணியை நாடே அறியும். அத்தகைய நாளில் எத்தனை விதமான பணிகள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அலை மீண்டும் வருமோ என்ற அச்சத்தினிடையே கரைக்கு ஓடத் துணிபவர் வேண்டும். ஆயிரக்கணக்கானோருக்கு எவ்வளவு அரிசி என்று கணக்கிடுபவர் வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அருகே எதுவும் பேசாமல் அமர்ந்திருக்கத் தெரிந்தவர் வேண்டும். அரசு அதிகாரிகளிடம் சென்று வாதாடத் தெரிந்தவர் வேண்டும். எல்லாரும் ஒரே வார்ப்பில் இருந்திருந்தால் அப்பணிகளுள் ஒன்று மட்டுமே நடந்திருக்கும். நம் துணைக்குழுக்களை அமைக்கும்போது, எவர் மூத்தவர், எவர் வசதியானவர் என்று மட்டும் பாராமல், எவர் எதற்கு ஏற்றவர் என்றும் பாருங்கள்.

நான்காவது, நம் மக்தப் பிள்ளைகள். மீலாது மேடையில் அழகாகப் பேசும் பிள்ளைக்குப் பரிசு தருகிறோம், மகிழ்ச்சி. ஆனால், மேடையைக் கண்டால் நடுங்கும் பிள்ளையைப் பலர் முன் நிறுத்தி நகைத்தால், அது மேடையை மட்டுமன்று, மதரஸாவையே வெறுக்கத் தொடங்கும். வஹீயை எழுதிய ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் எழுதுகோலும் மார்க்கத்திற்குத் தொண்டு செய்ததுதான். அழகாக எழுதும் பிள்ளைக்கும், ஐயம் கேட்கும் பிள்ளைக்கும், தம்பிக்குப் பொறுமையாகச் சொல்லித்தரும் பிள்ளைக்கும் பரிசு தாருங்கள். அஞ்சும் பிள்ளை முதலில் உஸ்தாதிடம் மட்டும் ஓதட்டும், பிறகு நால்வர் முன் ஓதட்டும். குரலைச் சிறிது உயர்த்தும் பயிற்சி அதுவே.

இறுதியாகத் திருமணம். பெண் பார்க்கும்போது குடும்பம், படிப்பு, நிறம், வேலை எல்லாம் விசாரிக்கிறோம். இருவரின் இயல்பு என்ன என்று எவரும் கேட்பதில்லை. கூட்டத்தில் மகிழும் பெண்ணும் தனிமையில் மகிழும் ஆணும் இணைவதில் தவறில்லை. அறியாமல் இணைவதுதான் துன்பம். வளைகுடாவிலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வரும் கணவன், உறவினர் வீடுகளுக்குச் செல்லாமல் வீட்டிலேயே அமர்ந்திருக்கிறான். மனைவி, தன்னைச் சேர்ந்தவர்களை அவன் மதிக்கவில்லை என்று எண்ணுகிறாள். அவனோ, வீட்டின் அமைதிக்காகவே இரண்டாண்டு ஏங்கியிருந்தேன் என்று எண்ணுகிறான், ஆனால் சொல்வதில்லை. இருவரும் நல்லவர்களே. அவன் நான்கு வீடுகளுக்கு மனைவியோடு சென்று வரட்டும். அவள் நான்கு மாலைகளை அவனுக்காக வீட்டில் ஒதுக்கட்டும். ஒரு தலாக் வழக்கு நம் வாசலுக்கு வராமலே முடிந்துவிடும்.

அன்பிற்குரியவர்களே! தொழுகையில் நாம் ஒரே வரிசையில் நிற்கிறோம். தோளோடு தோள் சேர்ந்தாலும், உயரமானவரின் தலை உயரமாகவே இருக்கிறது. குள்ளமானவரின் தலை தாழ்வாகவே இருக்கிறது. தலைகள் சமமாகும்வரை ஸஃப்பு சரியாகவில்லை என்று எந்த இமாமும் சொல்வதில்லை. குதிகால்கள் ஒரே கோட்டில் இருந்தால் போதும். ஜமாஅத் என்பதும் அதுவே. கொள்கையிலும் கடமையிலும் ஒரே கோட்டில் நிற்போம். இயல்பில் அவரவர் உயரத்தை ஏற்போம்.

மனிதரைப் பலவாறாகப் படைத்த வல்ல நாயன், ஒருவரையொருவர் அறிந்து நடக்கும் பக்குவத்தை நமக்குத் தருவானாக! பேச இயலாதவரின் உரிமை நம் சபையில் பறிபோகாமல் காப்பானாக! நம் பிணக்குகளை நீக்கி, உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.